வரப்பில் அரை அடி

எங்கள் தக்காளித் தோட்டத்துக்கு வண்டி போக ஒரே வழி, பங்காளி வீட்டு நிலத்தின் ஓரமாகத்தான். போன வருடம் பழம் பழுத்து நின்ற வாரத்தில் அந்த வழியில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார்கள். டெம்போ உள்ளே வர முடியாது. தக்காளி நமக்காகக் காத்திருக்குமா? நாலு நாளில் செடியிலேயே அழுகிவிடும்.

"கடப்பாரைய எடுத்துட்டுப் போறேன். இன்னிக்கி ரெண்டுல ஒன்னு பாத்துடறேன்" என்று குதித்தார் என் வீட்டுக்காரர்.

"குதிச்சு முடிச்சிட்டீங்கன்னா சாப்பிட வாங்க" என்றேன்.

எனக்குக் கோபம் வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகவே வரும். ஆனால் நான் வேலை செய்யும் ஓசூர் கம்பெனியில் லைனில் இரண்டு பெண்கள் முட்டிக்கொண்டால் சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிடுவார். ஒருத்தி கன்னடத்தில் திட்டுவாள், இன்னொருத்தி தெலுங்கில். இருவரையும் உட்காரவைத்துப் பேசவைத்துவிடுவேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

எனக்கு மதிய ஷிஃப்ட். விடிந்ததும் தக்காளியைப் பறித்து, பிளாஸ்டிக் கிரேடில் நிரப்பித் தலையில் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ரோட்டுக்கு நடந்தேன். பாதை பங்காளி வீட்டு வாசலை ஒட்டிப் போகிறது. ஒவ்வொரு நடைக்கும் அங்கே நின்று, "அக்கா, ஒரு சொம்பு தண்ணி" என்றேன். பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுதான். ஆனாலும் தண்ணீர் கேட்டு நிற்பவளை எங்கள் பக்கம் யாரும் விரட்ட மாட்டார்கள். தெரிந்துதான் கேட்டேன். தண்ணீர் கொடுத்த கை முள்ளையும் எடுக்கும் என்று ஒரு நினைப்பு.

முதல் நாள் அந்த வீட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொம்பை நீட்டினார். மறுநாள் நான் வாய் திறக்கும் முன்பே சொம்பு படியில் இருந்தது. ஆகா, இளகிவிட்டார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதற்குள் தலையில் சுமந்ததைவிடச் செடியில் கெட்டதுதான் அதிகம்.

மூன்றாம் நாள் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எத்தன சொம்பு வேணும்னாலும் குடிம்மா. உங்க டிராக்டர் தின்ன வரப்ப எப்போ திருப்பிக் குடுப்பீங்க?"

சொம்பைப் படியில் வைத்தேன். போன இரண்டு உழவிலும் என் வீட்டுக்காரர் கலப்பையை வரப்பின்மேல் ஏற்றி ஓட்டினார். அரை அடி எங்கள் பக்கம் வந்தது. பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மூன்று நாளாகச் சமாதானத்துக்கு அலைந்தவள் அந்த அரை அடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கமாக இருந்தது.

அன்று ஷிஃப்டுக்குப் போகவில்லை. மண்வெட்டியை எடுத்து, பழைய வரப்பு இருந்த இடத்தில் மண்ணை அணைக்க ஆரம்பித்தேன்.

"மொதல்ல அவங்க முள்ள எடுக்கட்டும்!" என்று கத்தினார் வீட்டுக்காரர்.

"மொதல்ல தப்பு பண்ணது யாரு?" என்றேன்.

விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தார். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குறுக்கே போனேன். அவரோ காய்ந்து கிடந்த மண்கட்டியை உடைத்து என் பக்கம் தள்ளினார்.

பாதி வரப்பு எழும்பியபோது அந்தப் பக்கம் முள்ளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அக்கா சொம்போடு வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.