பிந்தி வந்த வரிப்பணம்

ஓமானில், சலாலாவில் நான் கணக்குப் பார்க்கும் கம்பெனியின் சம்பளச் சீட்டில் வருமான வரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. சாஃப்ட்வேரை இந்தியாவில் வாங்கியதால் கூடவே வந்த கட்டம். இங்கே சம்பளத்துக்கு வரி கிடையாது, ஆகவே மாதாமாதம் எல்லோருக்கும் அதில் பூஜ்யம் விழுகிறது. அந்தப் பூஜ்யத்தை ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வரி பிடிக்காத நாடுகளிலேயே காலம் கழித்ததால், அதிகமாகப் பிடித்த வரியைத் திருப்பித் தரும் நாடுகளும் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. வளைகுடாவிலிருந்து பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டு, அவர்களுக்குப் போனில் புத்தி சொல்லிக்கொண்டிருக்கும் என் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் மகள் ஷைனி நர்ஸ். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாறினாள். அந்த நேரத்தில் என் மனைவி ஃபிலோமினா இங்கே சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்தாள். புது வேலையின் முதல் சம்பளத்தில் டிக்கெட் எடுத்து அம்மாவைப் பார்க்க வருவதாக ஷைனி சொல்லியிருந்தாள். அந்தச் சம்பளத்தில் வரி வழக்கத்தைவிட மிக அதிகமாகப் போயிருந்தது. வாடகையும், வேலை வாங்கித் தந்த ஏஜென்டுக்கான கடனும் கொடுத்த பிறகு டிக்கெட்டுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

"அப்பா, ரெம்பப் பிடிச்சிருக்கானுவ. சம்பளம் போடுற ஆபீஸ்ல போயி கேக்கட்டா?"

"கேக்காத மக்களே. புது எடம். சேந்த ஒடனே சம்பளக் கணக்கு பேசினா பேரு கெட்டுப்போவும். பேசாம இரி."

நான் யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. பல வருடங்களுக்கு முன், துபாயில் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் நான் சம்பளப் பிரிவில் இருந்தபோது, கீழக்கரைக்காரர் ஒருவர் ஓவர்டைம் குறைகிறதே என்று என் மேஜைக்கு வந்து கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். மேனேஜரிடம் சொன்னேன். "இவனுக்கு கலாஸ் பண்ணு" என்றார் அவர், அதாவது கணக்கை முடித்து அனுப்பு. அந்த மனிதரின் விசா ரத்துக்கான காகிதத்தை நானே டைப் செய்தேன். அன்றிலிருந்து கேட்காதே என்பதையே வேதமாக வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் அதையே ஓதினேன். மகளுக்கும் ஓதினேன்.

அடுத்த மாதம் இன்னும் மோசம். பாதிக்குப் பக்கமாக வரியே போய்விட்டது. ஷைனி மறுபடியும், இப்பவாவது கேக்கட்டா என்றாள். அயர்லாந்தானாலும் முதலாளி முதலாளிதான் என்று கடிந்துகொண்டேன். டிக்கெட்டை நானே எடுத்து அனுப்பியிருக்கலாம். இங்கே அவள் அம்மாவின் ஆஸ்பத்திரிக்கு முன்பணம் கட்டியதில் என் கையில் ஒன்றும் இல்லை. நாலு பேரிடம் கடன் கேட்கக் கௌரவம் விடவில்லை. அடுத்த சம்பளத்தில் வருவாள் என்று ஃபிலோமினாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"சம்பளம் மாசா மாசம் வரும். நான் இருக்கணும்லா?"

மூன்றாவது சம்பளத்துக்கு முன்பே அவள் போய்விட்டாள். உடலைக் குமரிக் கடற்கரையில் எங்கள் ஊருக்குக் கொண்டுபோனோம். ஷைனியும் நானும் அன்றைக்கே ஆளுக்கொரு பக்கம் கடன் வாங்கி ஊருக்கு டிக்கெட் எடுத்தோம். சாவுக்குக் கடன் கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை. அவள் அம்மாவின் முகத்தைப் பெட்டிக்குள் பார்த்தாள்.

திரும்பிப் போனபின், கூட வேலை பார்க்கும் கோட்டயத்துப் பெண் ஒருத்தி அவளுடைய சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். வேலை மாறினால் புது வேலையை வரி அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும், பதியாதவரை கண்மண் தெரியாமல் பிடிப்பார்கள், பதிந்துவிட்டால் கூடுதலாகப் பிடித்ததெல்லாம் சம்பளத்தோடேயே திரும்பி வரும். ஷைனி அன்றே போனில் பதிந்தாள். அடுத்த சம்பளத்தில் மொத்தமும் வந்துவிட்டது.

"ஆபீஸ்ல ஒரு வாக்கு கேட்டிருந்தா மொத மாசமே சொல்லியிருப்பாங்கப்பா" என்றாள். பிறகு அவளே, "நான் ஒங்கள ஒண்ணும் சொல்லல்ல. பைசா அனுப்பியிருக்கேன். அம்மைக்க கல்லறையக் கெட்டுங்க."

அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்ப எக்ஸ்சேஞ்சுக்குப் போக வேண்டும் என்று ஒரு மணி நேரம் அனுமதி கேட்டேன். என் கஃபீல், விசா தந்த அரபி முதலாளி, நல்ல மனிதர், ஃபிலோமினாவின் நோயையும் சாவையும் அறிந்தவர். என்ன பணம் என்று விசாரித்தார். அந்த நாட்டு அரசாங்கம் மகளுக்குத் திருப்பிக் கொடுத்தது என்றேன். அரசாங்கம் பணம் கொடுப்பது அவருக்கு விளங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "தியாவா, பாய்?" என்றார். ஒருவர் சாவுக்குக் காரணமானவன், செத்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் பணத்துக்கு இங்கே தியா என்று பெயர். இல்லை, வரி என்று விளக்கப் பார்த்தேன். அவரோடு நான் பேசும் ஹிந்தி அதற்குப் போதவில்லை. அவர் என் தோளைத் தட்டிவிட்டு, போய்வா என்றார்.

எக்ஸ்சேஞ்சு வாசலில் நின்று ஊரில் கல்லறை கட்டும் கொத்தனாருக்குப் போன் செய்தேன். வெளியே கரீஃப் என்னும் மழைக்காலத்தின் தூறல், எதிரே மலை பாதி மறைந்திருந்தது. பைசா வருகிறது, வேலையைத் தொடங்கலாம் என்றேன்.

"ஒத்தையா கெட்டவா, ரெட்டையா கெட்டவா அண்ணாச்சி? ரெட்டைன்னா பக்கத்துல ஒங்களுக்கு எடம் விட்டு இப்பவே அளவு எடுக்கணும்."

ஒற்றை என்று சொல்ல வாய் வரவில்லை, இரட்டை என்று சொல்லவும் துணியவில்லை. நான் எந்த மண்ணில் விழுவேன் என்பது தெரியாது. விழுந்தபின் என்னைக் கொண்டுபோக மகள் யாரிடம் கடன் கேட்பாள் என்பதும் தெரியாது. அப்படியே கொண்டுபோனாலும், ஃபிலோமினாவின் பக்கத்தில் படுக்க எனக்கு என்ன உரிமை?

"அண்ணாச்சி, லைன்ல இருக்கியளா?"

இருக்கேன் என்றேன்.