யானைக்கு நான் வைக்காத படையல்

எனக்குக் கல்யாணமாகி வாளையார்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். எங்கள் வீடு ஊருக்கு மேற்குக் கடைசி. வேலியைத் தாண்டினால் எங்கள் சோளக்காடு, அதற்கப்பால் மலைக்காடு. அந்த வருஷம் மார்கழிக் கடைசியில் நடந்ததைச் சொன்னால் இப்போதும் சிலர் என்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஊரில் யானையை யானை என்று சொல்ல மாட்டார்கள், பெரியசாமி என்பார்கள். அதன் தடம் தென்பட்டால், எங்கள் சோளக்காட்டோரம் இருந்த ஊரெல்லைக் கல்லின் மேல் இலை போட்டு வெல்லம், தேங்காய், வாழைப்பழம் வைத்து, வெள்ளாமையைத் தொடாதே சாமி என்று கும்பிட்டுவிட்டு வருவார்கள். எப்போதாவது ஒரு முறை வைப்பதுதான் வழக்கம். அதை நான் குற்றம் சொல்லவில்லை.

அந்த வருஷம் சோளம் கதிர் பிடித்த சமயத்தில் ஒற்றைக் கொம்பன் ஒன்று வந்தது. படையலைத் தின்றுவிட்டுப் பயிரில் கால் வைக்காமல் திரும்பிப் போனது. ஊருக்கே பூரிப்பு. மறுநாளும் வைத்தார்கள், மறுநாளும் வந்தது. வெல்லத்தின் ருசி கண்ட பிறகு யார்தான் விடுவார்கள்? பிறகு ஒரு நாள் படையல் வைக்க மறந்து போனார்கள். அது நேரே ஓரத்து வீடொன்றின் சுவரைத் தள்ளி, அடுப்பங்கரையில் இருந்த வெல்லப் பானையை உடைத்துத் தின்றது. அந்த வீட்டுக்காரர்கள் கொல்லை வழியாக ஓடித் தப்பினார்கள். சாமிக்குக் கோபம் வந்துவிட்டது என்றார் ஊர்க்கவுண்டர். படையலை இரட்டிப்பாக்கி, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறையும் வைத்துவிட்டார். வந்தது சாமியா சம்பந்தியா என்று தெரியாதபடி விருந்து நடந்தது.

எங்கள் முறை வந்தபோது என் வீட்டுக்காரர் மலைக்காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். எழுந்து நிற்கத் தெம்பில்லை. அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அறுவடையான சோளத்தைக் கொட்டி வைத்திருந்த மூங்கில் தொம்பை. எங்களுக்கு வருஷச் சாப்பாடும் அதுதான், விதையும் அதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் யானை வந்து சாய்ந்தால் முதலில் விழுவது அவர் மேல்தான்.

காலையிலேயே ஊர்க்கவுண்டர் வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, இன்னைக்கு உங்க ஊட்டு முறை. பொழுதோட வெச்சுப்போடு. கொறை வெக்காதே."

"வெக்க மாட்டேனுங்க மாமா."

"என்ன பேச்சு இது? சாமி கண்ணு தொறந்தாத்தான் உன்ர ஊட்டுக்காரன் எந்திரிப்பான்."

"அவரு எந்திரிக்கோணும்னுதானுங்க சொல்றேன். இன்னைக்கு வெச்சா நாளைக்கும் இங்கதான் வரும். எத்தனை நாளைக்குங்க வெக்கறது?"

"ஊருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னையத்தான் கேப்பேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரரும், "வெச்சுப்போடு புள்ள, எதுக்கு வம்பு" என்று முனகினார். எனக்கும் பயம்தான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நான் மிளகாய் வறுக்கும்போதெல்லாம் கட்டுத்தரையில் மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு தும்மும். மாட்டு மூக்கே அந்தப் பாடு படுகிறதென்றால், அவ்வளவு நீள மூக்கு என்ன பாடு படும் என்று தோன்றியது. வருஷத்துக்கு என்று காயவைத்திருந்த வற்றலை மூட்டையோடு தூக்கி வந்தேன். உடைந்த சட்டிகளில் வரட்டியை அடுக்கி, மேலே மிளகாயைப் போட்டு, மேற்கு வேலியோரம் வரிசையாக வைத்தேன். மார்கழியில் எங்கள் பக்கம் கிழக்குக் காற்று ஆளையே தள்ளும். புகை வீட்டுக்குள் வராமல் காட்டுப் பக்கம் போகும்.

பொழுது சாய்கிற நேரத்தில் அது வந்தது. கல்லைத் துழாவியது, ஒன்றுமில்லை. தும்பிக்கையைத் தூக்கி எங்கள் வீட்டுப் பக்கம் மோப்பம் பிடித்தது. பிறகு அறுத்துப் போட்டிருந்த சோளத்தட்டை மிதித்துக்கொண்டு நேரே வந்தது. நான் சட்டிகளைப் பற்றவைத்து ஊதினேன். புகை எழுந்து அதன் முகத்தில் அடித்தது. தலையை ஆட்டியது, சீறியது, ஆனால் போகவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"தின்னது பத்தாதா உனக்கு? உள்ள சீக்காளி கெடக்கறாரு. சாமின்னா மலையில இரு, நாங்க வந்து கும்படறோம். சோத்துப் பானைக்கு வந்தீன்னா நீ சாமியில்ல, திருடன்! போ!"

அது வேலியோரத்து முருங்கையை வளைத்து முறித்து எறிந்தது. ஒரு கிளை என் காலடியில் வந்து விழுந்தது. நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் சுவர், சுவருக்குள் அவர். நான் எங்கே நகர்வது? மூட்டையில் மிச்சமிருந்த மிளகாயையும் நெருப்பில் கொட்டினேன். காடே அதிரும்படி பிளிறிவிட்டு, அது திரும்பி மலையைப் பார்த்து நடந்தது. உள்ளேயிருந்து அவர் "அம்மிணி, அம்மிணி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது அப்போதுதான் என் காதில் விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

விடிந்ததும் ஊர் கூடியது. சாமியைத் திருடன் என்று சொன்னவள் கோயில் பொங்கலுக்கு வரக்கூடாது என்றார் ஊர்க்கவுண்டர். "வரலீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். தை பிறந்தபோது எங்கள் கட்டுத்தரையிலேயே பானை வைத்தேன். அந்தப் பொங்கலும் நன்றாகத்தான் பொங்கியது.

பிறகும் ஓரிரு வீடுகளில் படையல் வைத்துப் பார்த்தார்கள். அதைத் தின்றுவிட்டும் அது சுவரைத்தான் தேடி வந்தது. அதற்கப்புறம் பெண்கள் ஒவ்வொருவராகக் கொல்லைப்புறம் வந்து, சட்டியில் எதை எப்படி அடுக்கினாய் என்று கேட்டுப் போனார்கள். மாசி முடிவதற்குள் யானை வருவது நின்றது. என் வீட்டுக்காரரும் எழுந்து நடந்தார். ஊர்க்கவுண்டர் மட்டும் கடைசிவரை என்னோடு பேசவில்லை.

நான் சாமி கும்பிடாதவள் அல்ல. விளக்கேற்றாமல் இன்றும் சாப்பிட மாட்டேன். ஆனால் பயத்தில் கும்பிட்டால் அது பக்தி ஆகாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அதனால் அந்தச் சாயங்காலம் கத்தியதற்காக யானையிடமும் சரி, ஊரிடமும் சரி, இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.