மேல்வீட்டுக்காரர் டிவி வாங்கப் போகிறார்

டிவிக் கடையில் நின்று கேம் கன்ட்ரோலரின் பட்டனை அமுக்குகிறார், திரையில் கார் திரும்புகிறது. மறுபடியும் அமுக்குகிறார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் விற்பனைப் பெண்ணிடம், "இதுவும் லேட்டும்மா" என்கிறார். அவள் சிரித்த முகம் மாறாமல் அடுத்த டிவியைக் காட்டுகிறாள். கடைச் சுவர் நெடுக எல்லாத் திரைகளிலும் ஒரே அருவி கொட்டிக்கொண்டிருக்கிறது. நம்மவர் கண்ணில் அருவியும் படுவதில்லை, அதன் நிறமும் படுவதில்லை. விரல் அமுக்கியதற்கும் கார் திரும்பியதற்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் அவருடைய வழக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இதே வேலை. ஊரில் இருக்கும் டிவிக் கடைகளில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. "லேட்டு சார்" என்றால் எல்லோருக்கும் தெரியும்.

மற்ற நாட்களில் அவர் டவர் கிரேன் ஓட்டுகிறார். காலையில் ஏணி ஏறி கேபினுக்குள் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடும் மேலேயேதான். அதனால் கட்டட வேலைக்காரர்கள் வைத்த பெயர், மேல்வீட்டுக்காரர். தூறல் போட்டால், "மேல்வீட்டுல குழாயைத் திறந்து விட்டுட்டாரு" என்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கேபின் சாவி எப்போதும் இடுப்பு பெல்ட்டில் ஒரு வளையத்தில் தொங்கும். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அது கூடவே கிலுகிலுவென்று வரும். வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்டால், அவர் அப்படிக் கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்.

தொழிலைப் பற்றி யாராவது வாயைக் கிளறிவிட்டால் போதும், பொழுது போவதே தெரியாது. அவ்வளவு உயரத்துக்குக் குரல் எட்டாது. எல்லாம் கை சைகைதான். தூக்கு, இறக்கு, திருப்பு என்று கீழே நிற்கும் ஒரே ஒருவர் கையைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. "எவனாவது கையை நேரா தூக்கி உள்ளங்கையைக் காட்டிட்டான்னா நிறுத்திடணும். டீ குடுக்க வந்த ஆளு காட்டினாலும் சரிதான். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. லிவர்லேருந்து கையை எடுத்துடணும்."

இதை அவர் மனைவி வீட்டிலும் பயன்படுத்திக்கொள்கிறார். விருந்தாளிகளிடம் மனிதர் கிரேன் புராணத்தை நீட்டும்போது அந்த அம்மா சமையலறை வாசலில் நின்று உள்ளங்கையைக் காட்டுவார். இவர் பாதி வாக்கியத்தில் வாயை மூடிவிடுவார். அந்தக் கைக்கு அவ்வளவு மரியாதை.

அந்த அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது விட்டுப்போன கேம் பெட்டி தூசி படிந்து கிடந்தது. ஒரு விடுமுறை நாளில் பொழுது போகாமல் அதைத் தட்டி எடுத்து, புருஷனும் பெண்டாட்டியும் கார் பந்தயம் விளையாட உட்கார்ந்தார்கள். பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் எப்போதும் இவருக்கே ஜெயம். கிரேன் பிடித்த கைக்குக் காரெல்லாம் எம்மாத்திரம் என்று அலட்டிக்கொள்வார். அப்புறம் ஒரு நாள், இடப்பக்க வளைவில் இவருடைய கார் போய்ச் சுவரில் மோதியது. அடுத்த ஆட்டத்திலும் அதே வளைவு, அதே சுவர்.

முதலில் கன்ட்ரோலர்மேல் பழி போட்டார், பேட்டரி மாற்றினார். பிறகு நாற்காலியைக் குறை சொல்லி இடம் மாற்றினார். கடைசியில் பழி டிவியின் தலையில் விழுந்தது. சின்ன டிவி, பழசு, நாம் அமுக்குவது அதற்குப் போய்ச் சேரவே நேரமாகிறது என்றார். கேம் விளையாடுவதற்கென்றே பெரிய டிவியாக வாங்குவது என்று முடிவானது. சுவரில் செய்தித்தாளை ஒட்டி அளவு பார்த்தார். வாராவாரம் தாள் வளர்ந்தது. கடிகாரம் இடம் பெயர்ந்தது. அலமாரி அறையை விட்டே போயிற்று. டிவி மட்டும் வரவில்லை. அளவு பிடித்தால் வெளிச்சம் பிடிக்கவில்லை. வெளிச்சம் பிடித்தால், லேட்டு.

உண்மை என்னவென்றால் அவருக்குப் பயம். சட்டைப் பொத்தான் போட முன்னைவிட நேரமாகிறது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் இடது கட்டைவிரலை ஒவ்வொரு விரலிலும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் கம்பிக்கட்டு ஒன்றை இறக்கும்போது நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காமல் தொப்பென்று உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை. சைகை காட்டியவர், மேலே காற்று போலிருக்கிறது என்று தானே காரணமும் சொல்லிவிட்டார். காற்று இல்லை என்பது மேலே இருந்தவருக்குத் தெரியும். டிவி லேட்டாக இருந்துவிட்டால் அவருக்கு நிம்மதி. டிவி சரியாக இருந்தால்தான் வேறு குறை தேடுகிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியும் கூட வந்தார். விற்பனைப் பெண் புதிதாக இறங்கிய ஒரு டிவியின் முன்னால் இருவரையும் உட்கார வைத்தாள். கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டது போல அவ்வளவு பெரிசு. கேம் மோடைப் போட்டுவிட்டு, இதைவிட வேகமானது இப்போது எந்தக் கடையிலும் கிடையாது என்றாள். அவர் கன்ட்ரோலரை வாங்கினார். நேர்ச் சாலையில் கார் பறந்தது. இடப்பக்க வளைவு வந்தது. கார் சுவரில் மோதியது.

"இதுவும்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

மனைவி அவர் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கினார். அதே டிவி, அதே வளைவு. துணிக்கு ஓரம் அடிப்பது போல வழுக்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொரு தடவை என்று இவர் கை நீட்டினார். மறுபடியும் சுவர். அதற்கடுத்த தடவையும் சுவர். விற்பனைப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, அருவித் திரைகள் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"டிவில ஒண்ணும் இல்லைங்க" என்றார் மனைவி, தாழ்ந்த குரலில்.

"தெரியும்." திரையை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. "கட்டைவிரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே."

டாக்டரிடம் போகலாம் என்றார் அந்த அம்மா. போனால் கீழே இறங்கச் சொல்லிவிடுவார்கள் என்றார் இவர். நாளைக்குப் பெரிய கண்ணாடிகளை மேலே ஏற்ற வேண்டும், தூக்குகிற இடத்தில் ஆட்கள் நிற்பார்கள், தான் மெதுவாக ஓட்டிக்கொள்வதாகவும் சொன்னார். பிறகு கேட்டார், "தரையில எனக்கு என்ன வேலை தெரியும், சொல்லு."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்து மறுபடியும் பந்தயத்தைத் தொடங்கினார். கார் வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி எழுந்தார். அந்தப் பெரிய திரைக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்று, வலது கையை நேராக உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார்.

அவர் கன்ட்ரோலரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தார். மனைவிக்குப் பின்னால் கார் எதிலோ மோதும் சத்தம் கேட்டது. பிறகு இடுப்பு வளையத்தில் விரலை விட்டு, இடது கையால் முடியாமல் வலது கையால் சாவியைக் கழற்றி, உயர்ந்திருந்த அந்தக் கையைப் பிடித்துத் தாழ்த்தி, உள்ளங்கையில் வைத்து, அதன் விரல்களை மூடினார்.