குச்சவெளி பஸ்ஸில் தங்கச்சியின் கழுத்து திருகிய காலை

மனநோய்க்கு மருந்தெடுப்பவரோடு பஸ்ஸில் தூரப் பயணம் போகலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். போகலாம். எழுபதுகளின் நடுப்பகுதியில் நான் போனேன். அம்மா இறந்தபின் குச்சவெளி வீட்டில் நானும் தங்கச்சி புஷ்பமும் மட்டுந்தான். அவளுக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியதும் உறவுக்காரரும் வராமல் விட்டார்கள். கிளினிக்கில் புதிய குளிசை தந்து சில நாட்கள்தான். குரல்கள் குறைந்திருந்தன. திருகோணமலைக்குப் போய்ச் சட்டைத்துணி வாங்குவோம் என்று அவளே கேட்டாள்.

இருபது மைல் சொச்சம். காலை பஸ்ஸில் ஏறினோம். (அந்தப் பக்கமிருந்து வருபவர்கள் இடப்பக்கம் இருங்கள், கடல் தெரியும்.)

நிலாவெளி தாண்டியதும் அவளுடைய தாடை ஒருபக்கம் இழுத்தது. கழுத்து பின்னுக்குத் திருகியது. கண்கள் மேலே போய் அப்படியே நின்றுவிட்டன. பேச வந்த நாக்கு வெளியே தள்ளி நின்றது. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

"பேய் பிடிச்சிட்டுது. கோயிலடியிலை இறக்குங்கோ," என்று ஒரு பெண் எழுந்து முன்னுக்குப் போனார். மற்றவர்களும் போனார்கள். பஸ்ஸின் பின்பாதியில் நாங்கள் இருவர் மட்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வெளியே கண்டதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உப்புவெளியில் கொண்டக்டர் வந்தார். "தம்பி, கோயிலடியிலையோ இறங்கிறீங்கள்?"

அவளுடைய பிடி தளரவில்லை. "இல்லை, ஆஸ்பத்திரிக்கு."

"ஓம், வாசலிலையே நிப்பாட்டச் சொல்லுறன்."

டொக்டர் காய்ச்சல் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இல்லை. "புதுசா ஏதும் மருந்து குடிக்கிறாவோ?" பையிலிருந்த குளிசைகளைக் காட்டினேன். "இது பேயுமில்லை, வலிப்புமில்லை. இந்தக் குளிசை சிலருக்குத் தசையை இப்பிடி இழுக்கும். மாற்று ஊசி இருக்கு."

ஊசி நரம்பில் ஏறிச் சிறிது நேரத்தில் கண்கள் இறங்கி வந்து என்னைப் பார்த்தன. கழுத்து மெல்ல நேரானது. தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

"எனக்கு எல்லாம் கேட்டது, அண்ணை. என்னைப் பற்றி எல்லாரும் கதைச்சவை. உங்களைத் தவிர என்னோடை ஒருத்தரும் கதைக்கேல்லை."

டொக்டர் குளிசையின் அளவைக் குறைத்து, இழுப்பு வராமலிருக்க இன்னொன்றும் தந்தார். பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மருந்து தொடங்கிய முதல் நாட்களில் தூரம் போகாதீர்கள். குளிசைகளை உறையோடு கையில் வைத்திருங்கள். இப்படி இழுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினாலோ, காய்ச்சலோடு உடம்பு விறைத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

துணி வாங்காமலே திரும்பினோம். அதே பஸ். பக்கத்து ஆசனங்களில் யாரும் இருக்கவில்லை. டிக்கெட் தர வந்த கொண்டக்டர், "தங்கச்சிக்கு இப்ப எப்பிடி?" என்று என்னிடம் கேட்டார்.

"நான் இஞ்சைதானே இருக்கிறன்," என்றாள் புஷ்பம். "என்னைக் கேளுங்கோ."