அவர் காதுக்குத் தேடின ரேடியோ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள், அது ஒரு காரணம். இன்னொன்று, சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லைனில் இந்தக் கதையை முருகன் செய்த அற்புதம் என்று சொல்கிறார்கள். அப்படி நடக்கவில்லை என்று நான் எழுதினால் அவனுக்குக் குறை வந்துவிடுமோ என்று பயம். இப்போது எழுதத் துணிந்ததற்கும் அவனைத்தான் கும்பிட்டுக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் இங்கே தங்கச் சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் டிரில் மிஷின் பிடித்தவர். அந்த மிஷின் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. சத்தம் கேட்கும், வார்த்தை கேட்காது. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். "தலைக்குள்ளயே டிரில் ஓட்றான்" என்று கழற்றி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருவது நின்றது. வீட்டில் விளக்கேற்றி டி.வி.யில் முருகன் பாட்டு வைத்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"சாமிகிட்ட நீங்கள்லாம் இன்னா பேசுறீங்கன்னே தெரியல. நடுவுல நான் இன்னாத்துக்கு, பொம்மை மாதிரி?"

அன்றையிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. பாட்டின் வார்த்தை அவர் காதில் விழவேண்டும், அவர் திரும்ப விளக்குக்கு முன்னால் வந்து உட்காரவேண்டும்.

பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் என் மகன், உருண்டையாக ஒரு ஸ்பீக்கர் வாங்கிவந்தான். போட்டதும் அலமாரிப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. இவர் வாசலை எட்டிப் பார்த்து, "எந்த லாரி நிக்குது?" என்றார். மகன் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

எனக்கு மட்டும் ஒன்று மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. பஜனையில் மிருதங்கம் அடித்தால் இவர் தொடையில் தாளம் போடுவார். ஜால்ரா தட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அப்படியென்றால் கனமான சத்தம் போகிறது, மெல்லிசான சத்தம் போகவில்லை. வார்த்தை எந்தப் பக்கம் இருக்கிறது? வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசிப் பார்த்தேன். என் காதுக்கே கனமான குரல் மட்டும் வந்தது, வார்த்தை தெளியவில்லை. வார்த்தை ஜால்ரா பக்கம்தான் போல என்று தோன்றியது.

இவரையும் கூட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையில் ரேடியோ விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம், "ஜால்ராவைத் தூக்கிக் காட்டுற ரேடியோ இருக்குதாண்ணே?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மேஜையில் வைக்கிற மாதிரி மூன்று ரேடியோ எடுத்து வைத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் மூன்றையும் விரலை மடக்கித் தட்ட ஆரம்பித்தார். சுரங்கத்தில் வெடி வைத்த இடத்துக்குப் போனால் முதல் வேலை, தலைக்கு மேலே இருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிக் கேட்பது. கணீரென்றால் நிற்கலாம். பொத்தென்றால் பாறை உள்ளே விட்டுப்போயிருக்கிறது, விழும், நகர்ந்துவிட வேண்டும். அந்தச் சத்தம் மட்டும் அவர் கைவழியாகவே கேட்கும் என்பார். எதையும் தட்டாமல் வாங்கமாட்டார். மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் சுவரைத் தட்டி என் மானத்தை வாங்கியவர்.

மூன்றாவதைத் தட்டியதும் கையை எடுத்துக்கொண்டார். "இது வேணாம். பொத்துன்னுது."

"ஐயா, அது மரப்பெட்டி. உள்ள காலியாத்தான் இருக்கும்" என்று கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"காலியா இருந்தா விழும்."

"தலைமேலயா மாட்டப் போறோம்? மேஜைமேலதானே வைக்கப் போறோம்" என்றேன். கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனாலும் அசையவில்லை.

அவரைத் தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னேன். யார் வாயையும் பார்க்கக் கூடாது. கணீரென்ற முதல் ரேடியோவைப் போட்டார்கள். "பொம்பளை பேசுது" என்றார். என்ன பேசுகிறாள் என்று தெரியவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில்தான் இரண்டு திருகு இருந்தது, ஒன்று கனத்துக்கு, ஒன்று கீச்சுக்கு. கடைக்காரர் கனத்தை முழுக்கக் குறைத்து, கீச்சை முழுக்க ஏற்றினார். எனக்குப் பல் கூசியது. பக்கத்தில் நின்ற அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். பெங்களூர் ரேடியோ நிலையத்தில் கன்னடத்தில் தக்காளிப் பயிரைப் பற்றி யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்.

தெருவைப் பார்த்தபடியே இவர் சொன்னார்: "காலையிலயே தண்ணி விடணுமாம். வெயில் ஏறினப்புறம் விடக்கூடாதாம்."

எங்கள் காதுக்குக் கூசுகிற சத்தம்தான் அவருக்கு வார்த்தை. அதை ஏன் ஆண்டவன் அப்படி வைத்தான் என்று எனக்கு இன்றும் தெரியாது.

பொத்தென்ற அந்த ரேடியோவைத்தான் வாங்கினோம். வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே கரகரத்தது. ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்து, கடைசியில் சன்னலோரம் தெளிந்தது. சாமி படத்தையும் விளக்கையும் அங்கேயே மாற்றினேன். விடியற்காலை ரேடியோவில் முருகன் பாட்டு வந்தபோது இவர் வந்து உட்கார்ந்தார், உதடு பாட்டோடு அசைந்தது.

சன்னல் வழியாகப் பார்த்தவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். "முருகன் காதைத் திறந்துட்டாராம்." நான் மறுக்கவில்லை. அவன் அருள் இல்லாமல் எதுதான் நடக்கிறது?

பிறகு பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலிலிருந்து ஒரு அக்கா தன் வீட்டுக்காரரோடு வந்தாள். அவரும் சுரங்கத்தில் இருந்தவர். எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டு, டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டு, எந்தக் கோயிலில் என்ன நேர்ந்துகொண்டோம் என்று கேட்க வந்திருந்தாள். ரேடியோவைப் போட்டோம். திருகை எப்படித் திருப்பியும் அவருக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை. என் வீட்டுக்காரரைக் காட்டி, "இவருக்கும் காது வரலக்கா. பால்காரர் கூப்பிட்டா இன்னும் கேக்காது. இந்தப் பெட்டி பேசுறது மட்டும்தான் கேக்குது. நீங்க டாக்டர்கிட்ட போங்க" என்றேன். அவள் என்னைக் கோபமாகப் பார்த்தாள். பிறகு அழுதாள்.

அதனால்தான் எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். காது திறந்தது என்று சொல்லாதீர்கள். இரண்டு திருகு, சன்னலோரம், முருகன் பாட்டு. இவ்வளவுதான் நடந்தது. உங்கள் பங்குக்கு ஒரு சொல் கூட்டினாலும் அது எந்த வீட்டில் யாருடைய மருந்தை நிறுத்துமோ.