மாதையன் எழுதச் சொன்ன முகவரி

டிராவல்ஸ் ஆபீஸ் வேலை என்றால் ஊர் ஊராகச் சுற்றலாம் என்று நம்பிச் சேர்ந்து, என்னைப் போலவே நாற்காலியைவிட்டு நகராமல் படிவமும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களே, இது உங்களுக்காக. தொண்ணூறுகளின் நடுவில் மைசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் பாஸ்போர்ட் படிவம் நிரப்பித் தந்துகொண்டிருந்தேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்பதால் முதலாளி அந்த மேஜையை என் தலையில் கட்டியிருந்தார்.

டூரா, டிரிப்பா?

ஒருநாள் படிவம் நிரப்ப வந்த மாதையண்ணன், தமிழர்கள் அதிகம் வாழும் எல்லையோரக் கிராமமான மார்டள்ளியைச் சேர்ந்த கொத்தனார். துபாயில் வேலை உறுதியாகியிருந்தது. மூன்று மாதத்துக்குள் பாஸ்போர்ட் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்களாம். உட்கார்ந்ததும் வாசல் போர்டைக் காட்டி, டூருக்கும் டிராவலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

விடுவேனா? டிராவல் என்றால் பொதுவாகப் பயணம். ஜர்னி என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்ச் சேருவது. டிரிப் என்றால் நாலு நாள் போய்விட்டுத் திரும்புவது. டூர் என்றால் பல இடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது என்று அடுக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நான் திரும்பி வர மூணு வருசம் ஆகுமுங்க தம்பி. எம் பொண்ணுக்கு இப்ப ரெண்டு வயசு. இது எதுலீங்க சேரும்?"

நான் படிவத்தின் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன்.

இப்போது இருக்கும் இடம்

சொந்த ஊர் மார்டள்ளி. நிரந்தர முகவரியும் அதுவே. தற்போதைய முகவரி? "சரஸ்வதிபுரத்துல கட்டற ஊடுங்க" என்றார். சிமெண்ட் மூட்டை அடுக்கிய ஷெட்டில் மனைவி, மகளோடு குடியிருந்தார். அட்ரஸ் என்பது தபால் வரும் இடம், ரெசிடென்ஸ் என்பது குடியிருக்கும் இடம் என்று ஆரம்பித்து, நானே நிறுத்திக்கொண்டேன்.

கடந்த ஓராண்டில் இருந்த இடங்களையெல்லாம் படிவம் கேட்டது. அவருக்குத் தேதி ஒன்றும் நினைவில்லை. கடைக்கால் தோண்டும்போது தண்ணீர் ஊறிய வீடு, மாடிப்படியை வளைத்து ஏற்றிய வீடு, பாறை வந்து வேலை நின்ற வீடு என்று ஓராண்டைத் தாண்டியும் சொல்லிக்கொண்டே போனார். நான் தினமும் சைக்கிளில் கடந்துபோன தெரு வீடுகள் அவை. அவற்றின் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுவரை இவருக்குத் தெரிந்திருக்கிறது! ஏண்ணா, எங்கேயும் நிலையாக இருக்கவில்லையா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"ஊட்டுக்காரங்க பால் காய்ச்சற அன்னிக்கு நாங்க மூட்டையக் கட்டிருவமுங்க. பால் பொங்கறத வெளிய நின்னு பாத்துட்டுத்தான் போவமுங்க."

விசாரணை

படிவம் அனுப்பியதும், போலீஸ் வருவதற்குள் வீடு முடிந்துவிடுமோ என்று பயந்தேன்; அதுவே நடந்தது. சரஸ்வதிபுரம் வீட்டிலும் பால் காய்ச்சிவிட்டார்கள். பதினோராம் நாள் போலீஸ் விசாரணை. 'இங்கே வசிக்கவில்லை' என்று எழுதிவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. துபாய் வேலை கைநழுவிவிடும். பக்கத்துத் தெருக் கட்டடத்துக்கு மாறியிருந்த மாதையண்ணன் போன் பண்ணினார். ஓடினேன்.

வாசலில் கான்ஸ்டபிள். உள்ளே வீட்டுக்கார அம்மா. மாதையண்ணன் தன் கையால் நிறுத்திய கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். நான் அட்ரஸ், ரெசிடென்ஸ் என்று இழுத்ததைக் கான்ஸ்டபிள் காதில் வாங்கவே இல்லை. "இவர் இங்கே இருந்தாராம்மா?" என்று நேராக அந்த அம்மாவைக் கேட்டார். யாரென்றே தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கன்னடத்தில் அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் தமிழில் தருகிறேன்:

"இவர் குடும்பத்தோட எட்டு மாசம் இருந்த வீடுப்பா இது. நாங்க வந்து பதினோரு நாள்தான் ஆச்சு. விசாரிக்கணும்னா எங்களைப் பத்தி இவர்கிட்ட விசாரி."

கான்ஸ்டபிள் சிரித்தபடி, விண்ணப்பித்த நாளில் இங்கே வசித்தவர்தான் என்று எழுதி, அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மாதையண்ணன் அப்போதும் உள்ளே வரவில்லை; கேட்டின் கீலை மட்டும் ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

அவர் துபாய் போய்ச் சேர்ந்தார். அட்ரஸுக்கும் ரெசிடென்ஸுக்கும் வித்தியாசம் சொல்லிச் சம்பளம் வாங்கிய எனக்கோ, நான் குடியிருக்கும் வாடகை ரூமைக் கட்டியது யார் என்று இன்றுவரை தெரியாது.