கிரிவலம் போன கிளிமூக்குச் சேவல்

வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஒருவர் சான்றிதழ் லேமினேட் செய்ய வந்தார். சான்றிதழின் ஓரத்தில் ஒரு சேவலின் படம். மூக்கு கிளிக்கு இருப்பதுபோல் உள்ளே வளைந்திருந்தது. கண் முத்து வெள்ளை. வால் தரைவரை விரிந்து கிடந்தது.

"இது நெஜமாவே கோழிதானாங்க?"

"கிளிமூக்கு விசிறிவால்மா. நம்ம நாட்டு ரகந்தான். அழகுக்கு வளக்கறது. நேர்ல பாத்தா அசந்துடுவீங்க."

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அசந்துதான் போனேன். அடுத்த வாரம் அவரிடமே வாங்கிய எட்டு மாதச் சேவல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் வந்து இறங்கினேன்.

என் கணவர் எலக்ட்ரீஷியன், விவசாயக் குடும்பம். அவருக்குக் கோழி என்றால் முட்டை, இல்லாவிட்டால் குழம்பு. "முட்டையும் வக்காது, அறுக்கவும் கூடாதுன்னா எதுக்கு இது?" என்றார். இரண்டு நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எனக்கோ ஒவ்வொரு நாளும் ஒரு ஆச்சரியம். மற்ற கோழிகள் போல அது ஓடாது. ஊறவைத்த கம்பைக் கையில் எடுத்தால்கூட, கழுத்தை நிமிர்த்தி ஒவ்வொரு அடியாக வைத்து வரும். கொத்திப் பிடுங்காது, உள்ளங்கையில் மூக்கு படாமல் எடுக்கும். நான் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். யாராவது போனை நீட்டினால் படம் எடுத்து முடிக்கும்வரை அசையாது. தூக்கினால் இறக்கையை அடிக்காமல் கையிலேயே கண்ணை மூடும். ஒன்றே ஒன்றுதான் அதற்கு ஆகாது: இன்னொரு சேவல். மூன்று தெரு தள்ளி ஒன்று கூவினால் போதும், கழுத்து மயிர் குடைபோல விரிந்துவிடும்.

வால் முழுதாக வளர இரண்டு வருஷம் ஆயிற்று. அழுக்குப் படாமல் இருக்க மணல் பரப்பி வைத்தேன். பக்கத்து மாவட்டத்தில் இந்த ரகச் சேவல்களுக்குக் கண்காட்சி என்று கேள்விப்பட்டதும் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் பௌர்ணமி. மத்தியானம் சேவலுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, வாசல் வெயிலில் காயவிட்டிருந்தேன். எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியது. நாலு மணிக்கே கூட்டம் தொடங்கிவிட்டது. ஒரு அம்மா தண்ணீர் கேட்டார்கள். கேட்டைத் திறந்து, சொம்பை நிரப்பி வந்து கொடுத்தேன். அவர்கள் குடித்துவிட்டுப் போனதும் திரும்பிப் பார்த்தால் வாசலில் சேவல் இல்லை.

"ஏங்க! சேவலக் காணோம்!"

சட்டை பட்டனைப் போட்டபடியே கணவர் ஓடி வந்தார். பாதையில் கால் வைக்க இடமில்லை. இத்தனை பாதங்களுக்கு நடுவில் அந்த வால் என்ன ஆகும்? அப்போது சற்று முன்னால், கூட்டம் இரண்டாகப் பிரிவது தெரிந்தது.

"தே பாரு, அங்க போவுது!" என்று கத்தினார் கணவர்.

சாலை நடுவில், மலையை வலமாகத்தான், நிதானமாக நடந்துகொண்டிருந்தது. ஈரம் காய்ந்த வால் வெயிலில் கருநீலமாக மின்னியது. யாரும் அதை மிதிக்கவில்லை. வட்டமாக விலகி வழி விட்டார்கள். "முருகனோட சேவல்டா!" என்றார் ஒருவர். "அரோகரா!" என்று பின்னால் நாலைந்து குரல். ஆந்திராவிலிருந்து வந்த பெண்கள் "கோடி, கோடி" என்று கூவினார்கள். தெலுங்கில் கோழிக்கு அதுதான் பெயர். ஏதோ விலை கேட்கிறார்கள் என்று நினைத்த கணவர், "விக்கறதுக்கு இல்லீங்க!" என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே ஓடினார். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பக்கத்தில் நெருங்குவதற்குள் நடைபாதை ஓரத்தில் ஒரு வளையல் கடை. பெரிய கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சேவல் அதைப் பார்த்தது. எதிரே அதே உயரத்தில், அதே வாலோடு இன்னொரு சேவல். ஒரு நொடியில் ஆளே மாறிவிட்டது. தலை தாழ்ந்தது, கழுத்து விரிந்தது, எகிறி இரண்டு காலாலும் கண்ணாடியில் ஓங்கி ஒரு உதை விட்டது. வளையல் அட்டைகள் சரிந்தன. கடைக்கார அம்மா, "ஐயோ, என் கண்ணாடி!" என்று அலறினார்கள்.

நான் பாய்ந்து முந்தானையைக் கண்ணாடிமேல் விரித்துப் பிடித்தேன். எதிரி மறைந்ததும் அது குழம்பிப்போய் நின்றது. கணவர்தான் பின்னாலிருந்து அணைத்துத் தூக்கினார். முதல்முறையாக அதைத் தொடுகிறார்! கொத்தும் என்று பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது கொத்தவில்லை. அவர் கையில் அப்படியே அடங்கிவிட்டது.

"ஏய், இன்னா இது, இதயம் இப்படி அடிச்சிக்குது!" என்றார் ஆச்சரியமாக.

கண்ணாடி உடையவில்லை. வாலிலிருந்து மட்டும் நீளமான இறகு ஒன்று கழன்று கீழே கிடந்தது. அதை எடுத்த ஆந்திரப் பெண் ஒருத்தி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"இறகு இல்லாம எப்படிங்க கண்காட்சிக்குப் போறது?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அதெல்லாம் போவலாம். நானும் வரேன்."

கண்காட்சி மைதானத்தில் முந்நூறு சேவலாவது இருக்கும். தடுப்புகளுக்குப் பின்னாலிருந்து எல்லாம் ஒரே நேரத்தில் கூவின. எங்களுடையது கழுத்தை விரிக்கத் தொடங்கியது. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் முதுகில் கை வைத்தேன். நடுவர் வந்தபோது அது நிமிர்ந்து நின்று அவரைப் பார்த்தது. அவர் மூக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வாலை விரித்துப் பார்த்தார்.

"இங்க ஒண்ணு கம்மியா இருக்குதே?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் தொடங்கிவிட்டார். கூட்டம், அரோகரா, கண்ணாடி, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பக்கத்தில் சேவலோடு நின்றவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். நடுவர் சிரித்தபடி சேவலைத் தூக்கினார். அது அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

"குணத்துக்கே மார்க் போடணும்மா இதுக்கு" என்றார்.

மூன்றாம் பரிசு. மைக்கில் என் பெயரை அழைத்தார்கள். நான் எழுந்து சேலையைச் சரிசெய்வதற்குள் கணவர் சேவலை அணைத்தபடி மேடைப் படியில் பாதி ஏறியிருந்தார்.